எட்டாம் இடத்துச் செவ்வாய்

பெண் பார்க்கப் போகும் வழியில்தான் அம்மாவுக்கு அந்த போன் வந்தது. காரைக்குடி ஜோதிடர் ஏற்கெனவே பொருத்தம் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஒருவர் சொன்னால் போதாது. நாட்டரசன்கோட்டையில் இன்னொருவருக்கும் ஜாதகத்தை அனுப்பி வைத்திருந்தாள். பெண்ணுக்குச் செவ்வாய் எட்டாம் இடத்தில் இருக்கிறது, புருஷனுக்கு ஆகாது என்று அவர் போனில் குண்டைத் தூக்கிப் போட்டார். அதற்குள் கார் ஆத்தங்குடிக்குள் நுழைந்துவிட்டது. இனித் திரும்பினால் மரியாதையில்லை, பார்த்துவிட்டுப் பிறகு பதில் சொல்லி அனுப்பலாம் என்றாள் அம்மா. எனக்கு எரிச்சலாக வந்தது. போட்டோவில் பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போன பெண் அவள்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நேரில் இன்னும் பிடித்தது. ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேச அம்மாவுக்கு வராது. கேசரி பாதியில் இருக்கும்போதே செவ்வாய் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதே காரணத்தால் முன்பும் இடங்கள் தட்டிப்போயிருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பேசினாள்.

“செவ்வாயை நீங்க பாத்திருக்கீகளா அத்தை?”

அம்மா இல்லை என்றாள். டீச்சர் எங்களை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரகம் பார்க்க ஏறியவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தை மாதம். அப்போதுதான் இருட்டியிருந்தது. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அவள் வாங்கி வைத்திருந்த சின்னத் தொலைநோக்கி மாடியில் நின்றது. முதலில் உச்சியில் இருந்த வியாழனைக் காட்டினாள். அதை ஒட்டி ஒரே கோட்டில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். நம் நிலா பூமியைச் சுற்றுவதுபோல அவை வியாழனைச் சுற்றும் நிலாக்கள் என்றாள். சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகம் சுற்றுகிறவன் நான். அந்த வரிசையில் நிற்கும் சூரியன் ஒரு நட்சத்திரம், சந்திரன் பூமியின் துணைக்கோள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அம்மாவுக்கு வியாழன் மேல் கவனமில்லை. கிழக்கே சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்துவிட்டாள். அந்தா நிற்கிறான் பாவி என்று கையை நீட்டினாள். என் அப்பா சின்ன வயதிலேயே போனவர். அம்மாவின் பயத்தை நான் கேலி செய்யலாம், குறை சொல்ல முடியாது.

“அது செவ்வாய் இல்ல அத்தை. மினுங்குது பாருங்க, கோள் அப்படி மினுங்காது. அது திருவாதிரை.”

அம்மாவின் ஜென்ம நட்சத்திரமே திருவாதிரைதான். மார்கழிதோறும் களி கிண்டிப் படைக்கிற நட்சத்திரத்தைத்தான் பாவி என்று வைதிருக்கிறாள். பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை இன்றும் மெச்சுகிறேன். நட்சத்திரம் சூரியனைப் போலத் தானே எரிவது, வெகுதூரத்தில் வெறும் புள்ளியாக இருப்பதால் நம் காற்று அதை ஆட்டிவைக்கிறது என்றாள். கோள் பக்கத்தில் இருப்பது, சூரியனிடம் வெளிச்சம் வாங்கிக் காட்டுவது, அதனால் அவ்வளவாக ஆடாது. பிறகு தொலைநோக்கியைத் தென்னை மறைக்காத ஓரத்துக்கு நகர்த்தி, தாழ்வாக நின்ற நிஜமான செவ்வாயைக் காட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வட்டம். அங்கே மலை உண்டு, செம்மண் உண்டு, புழுதிக்காற்று அடிக்கும் என்றாள். அதற்கு எவன் குடும்பத்தையும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“எனக்கும் இவன் அப்பாவுக்கும் பத்துப் பொருத்தமும் இருக்குன்னுதான் கட்டி வச்சாக தாயி. இவன் நடக்கப் பழகுறதுக்குள்ள போய்ட்டாக. இது என்ன பண்ணும், அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கெடக்கு. நீ நம்ம வீட்டுக்கு வந்துரு.”