கண்ணாடியில் சிமோனே மலை

வட இத்தாலியின் பிரெஷா நகரத்தில் எஃகு ஆலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் ஜன்னல் துடைப்பார்கள். ஈரத்துணி முதல் இழுப்பிலேயே கறுத்துவிடும். ஏழாவது மாடியில் ஒர்னெல்லா பளிச்சென்று துடைத்துவைத்த சமையலறைக் கண்ணாடி அடுத்த சனிக்கிழமைக்குள் மங்கிப்போயிருக்கும். அந்தத் தூசில் அவள் கணவன் இவானோ விரலால் ஒரு கோடு இழுத்துவைப்பான். நீளமாகப் போய், நடுவில் கூம்பாக எழும்பி, சரிந்து இறங்கும் கோடு.

சமவெளிக்கு அந்தப் பக்கம், தெற்கே இருக்கும் சிமோனே மலை அது. அதன் அடிவாரத்தில்தான் அவன் பிறந்தது. கம்பி உருட்டும் ஆலைக்கு வேலைக்கு வந்தவன், இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பெருங்காற்று அடித்து ஓய்ந்த ஒரு விடியலில், இந்த ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தானாம். அப்புறம் அது கண்ணில் படவே இல்லை.

"ஆலைப் புகையைப் பாத்துட்டு மலைன்னு சொல்றே," என்பாள்.

"நீ குள்ளச்சி. உனக்கு எங்க தெரியப்போவுது?" என்பான்.

காலமெல்லாம் இதே பேச்சுதான். அவன் வரைவான், அவள் துடைப்பாள்.

கொள்ளைநோய் பரவிய அந்த மார்ச்சில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. முகம் மூடிய இரண்டு பேர் வந்து, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். அவள் கூட வரக்கூடாது என்றார்கள். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அவன் சொன்னான்: "சனிக்கிழமை துடைச்சிடாத. கோடு இந்தத் தடவ நல்லா வந்திருக்கு."

அவன் திரும்பவில்லை. பாதிரியார் தொலைபேசியில் ஜெபம் சொன்னார். முகம் பார்க்கக்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவள் துடைக்கவில்லை. ஊரடங்கில் ஆலைகளும் நின்றுபோயின. புதுத் தூசு விழாததால், கோடு அவன் இழுத்தபடியே இருந்தது. கீழ்வீட்டு திர்ச்சே, துணிக்கொடியைத் துடைத்த துணி வெள்ளையாகவே இருப்பதை பால்கனியிலிருந்து அண்ணாந்து காட்டினாள். "இந்தக் காத்து ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா," என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரலில் ஒருநாள் ஒர்னெல்லா காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பினால், தெற்கே பனி போர்த்திய மலைவரிசை நின்றது.

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் கோடு மலையோடு சேரவில்லை. கோட்டின் கூம்பு, நிஜக் கூம்புக்கு மேலே வெறும் வானத்தில் நின்றது. ஒரே தடவை பார்த்ததுதானே, மறந்து போய் வரைந்திருக்கிறான் என்று நினைத்தாள். பிறகுதான் அந்தக் 'குள்ளச்சி' காதில் விழுந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள்.

கோடு மெல்ல இறங்கி மலைமேல் உட்கார்ந்தது, கூம்பின் மேல் கூம்பாக. அவன் கண் இருந்த உயரம் இதுதான். காபி தீயும் வாசனை வந்த பிறகும் அவள் இறங்கவில்லை.

மே மாதம் ஆலைச் சங்கு ஊதியது. மலை நாளுக்கு நாள் வெளிறி, ஒருநாள் இல்லாமலே போனது. கோட்டின் மேல் தூசு படிந்தது.

"என்னடி ஒர்னெல்லா, ஊரே துடைச்சாச்சு, உன் ஜன்னல் மட்டும் இப்படிக் கெடக்கு?" என்றாள் திர்ச்சே.

"இவானோ வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."



சனிக்கிழமை ஒர்னெல்லா முக்காலியில் ஏறினாள். மங்கிக்கொண்டிருந்த கோட்டின் மேலேயே விரலை வைத்து, கூம்புவரை ஏற்றி, சரித்து இறக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் புகைதான் இருந்தது. விரல்நுனி கறுத்திருந்தது. அதை உடனே கழுவ அவளுக்கு மனம் வரவில்லை.