மைத்துனியின் குதிகால் செருப்பு

அங்காராவில் டாக்ஸி ஓட்டும் செவ்கெட்டுக்கு, ஊரிலிருந்து யார் வந்தாலும் துருக்கியை நிறுவிய அத்தாதுர்க்கின் நினைவிடத்துக்கு அழைத்துப்போவதே வேலையாகிவிட்டது. இந்தமுறை வந்தவள் மைத்துனி பெய்ஹான், பள்ளிக்கூடத்து டீச்சர். குதிகால் உயர்ந்த புதுச்செருப்பு போட்டிருந்தாள். சிங்கச் சிலைகள் நிற்கும் பாதையில் கற்களின் இடுக்கில் அது மாட்டிக்கொண்டே வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சாதாச் செருப்பு போடுன்னு!"

"அவரைப் பாக்க வர்றப்ப நல்லதாப் போட வேண்டாமா, அத்தான்? கொஞ்சம் குனிஞ்சு எடுத்து விடுங்க."

அவன் இழுத்த இழுப்பில் ஒரு செருப்பின் குதி பிய்ந்துவிட்டது. அவள் இரண்டு செருப்பையும் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, காலுறையோடு படியேறினாள். கல்லறை முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள். செருப்பும் கையுமாய் நின்றவனுக்கு மானம் போயிற்று.

வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுததுல ஒண்ணுமே சரியாப் பாக்கல, அத்தான். இன்னொரு தரம் போலாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் அவனே படியேறினான்.