சிவக்காத பெட்டி

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜிஜா மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோப்பம் பிடிப்பாள். பிறகு மோட்டர் ஓடுகிறதா என்று காதைத் தீட்டுவாள். அதற்கப்புறம்தான் வீட்டு மனிதர்கள் அவள் கண்ணில் படுவார்கள். காரக்கோணம் ரோட்டில் இன்வெர்ட்டரும் மிக்ஸியும் பழுதுபார்க்கிற கடை அவளுடையது. குழாய் சொட்டுகிற வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாயா குடிக்க அவளால் ஆகாது. எழுந்துபோய் இறுக்கிவிட்டுத்தான் வருவாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும், "கரண்ட் போலீசு வந்தாச்சு, ஃபேன நிறுத்துங்க மக்கா!" என்று ஒரு குரல் எழும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். திருந்துகிற ஜென்மமா அது!

தன் வீட்டு அடுக்களைச் சுவரில் ஆணியடித்து, தானே செய்த பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறாள். பழைய எமர்ஜென்சி விளக்கின் கூடும் பாட்டரியும்தான் அதற்கு உடம்பு. வீடு இழுக்கிற கரண்ட், மோட்டர் ஏற்றுகிற தண்ணீர், அடுப்பு கக்குகிற புகை எல்லாவற்றையும் அளக்கும். அளவோடு இருந்தால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள், கேடு என்றால் சிவப்பு. "மனுசனுக்க நாக்கு பொய் சொல்லும். இது சொல்லாதாக்கும்" என்று அதைத் தட்டிக்கொடுப்பாள்.

பெரிய பேச்சுதான். சொந்த வீட்டிலோ பெட்டி மாதக்கணக்கில் சிவந்தே கிடந்தது. கணவன் சஜனுக்கு ரப்பர் தொழில். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டடித்து, உலர்த்துவதற்கு அடுக்களையை ஒட்டிய புகைப்புரையில் தொங்கவிட்டு, ஈர விறகைப் போட்டு மூட்டுவான். "விறகு காயட்டும், புகைக்குழல உயத்திக் கெட்டுங்க" என்று ஜிஜா தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். "ஒனக்க பெட்டிக்கு வேண்டி எனக்க ஷீட்டு பூஞ்சை பூத்துப் போணுமா?" என்று அவன் எகிறுவான்.

அப்போதுதான் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று ஆள் அனுப்புவதாகச் சொன்னது. பெட்டி ஒரு வீட்டை உண்மையிலேயே மாற்றியிருந்தால் அவர்களே தயாரித்து விற்பார்களாம். அந்த வாரம் பார்த்துப் பெட்டி பச்சைக்கு மாறியது; பச்சையிலேயே நின்றது. சஜன் கடைசியில் சொன்னபடி கேட்டுவிட்டான் என்று ஜிஜா உருகிப்போனாள். "எங்க வீடே மாறியாச்சு மேடம்" என்று கம்பெனிக்குப் போன் போட்டுப் பீற்றியும் விட்டாள்.

கம்பெனி இன்ஜினியர் லேகா வருகிற காலையில், அவளுக்குக் காட்டுவதற்காக ஜிஜா புகைப்புரைக் கதவைத் திறந்தாள். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. வெளியிலோ ஷீட்டுகள் நல்ல தேன் நிறத்தில் அடுக்கியிருந்தன. புகை படாமல் ஷீட்டுக்கு அந்த நிறம் வராது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"மாமி, இது எங்க வச்சு புகைச்சது?"

மாமியார் செல்லபாய் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். "கீழ்வீட்டு சத்தியதாசுக்க புரையிலயாக்கும். சோறும் அங்கதான் வைக்கியேன். ஒனக்க பெட்டி சொவக்கப்பிடாதுல்லா மக்கா!"

பாவிகள், பாசத்தில் செய்திருக்கிறார்கள்! பொய்யே சொல்லாத பெட்டி வாரம் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறது. வாசலில் கார் நின்றது.

"எடி, வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டாத" என்றான் சஜன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னைக்கு ஒரு நாளு."

லேகா பச்சை விளக்கைக் குனிந்து பார்த்தாள். "கொள்ளாமல்லோ ஜிஜா, ரொம்ப நல்லாயிருக்கு! இனி எனக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம். இன்னைக்கே சம்மதம் சொல்லிடறேன்."

தலையாட்டினால் போதும். எத்தனை வருடத்து ஆசை! செல்லபாயின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. ஜிஜா சட்டென்று பெட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"எடி!" என்றான் சஜன்.

"ஒண்ணு உண்டு மேடம். கூட வாங்க."

சரிவில் விறுவிறுவென இறங்கினாள். சத்தியதாசின் புகைப்புரைக் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. தன் வீட்டு ஷீட்டுகளுக்கு நடுவே பெட்டியைத் தொங்கவிட்டாள். பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது. விளக்கின் மேல் கரி படிந்து வெளிச்சம் மங்கியது. ஜிஜா இருமிக்கொண்டே துப்பட்டா நுனியால் அதை அழுத்தித் துடைத்தாள். பின்னால் வந்த லேகாவுக்குத் தெரியும்படி விலகி நின்றாள்.