இரண்டு லோரிகளுக்கு ஒரே எண்

அழும் குழந்தையிடம் இருவர் ஒன்றாகக் கை நீட்டினால், யார் விலகி நிற்க வேண்டும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

நானும் கணவரும் கோலாலம்பூரில் வேலை செய்கிறோம். இரண்டு வயது மகன் தஞ்சோங் காராங்கில் என் அக்காவிடம் வளர்கிறான்; எங்கள் இருவரையுமே 'அம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு செம்பனை ஆலைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருந்தேன். லோரிகளை நிறுக்கும் ஒவ்வோர் எடைமேடைக்கும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது அதன் விவரங்களைத் தனியே வைத்திருக்கும் ஒரு நிரல் துண்டு. அடுத்த லோரிக்குத் தர வேண்டிய வரிசை எண்ணை மட்டும் ஸ்டாட்டிக்காக, அதாவது எல்லா மேடைகளுக்கும் பொதுவாக, தொடக்கத்தில் ஒன்று என்று வைத்தேன். இரண்டு மேடைகளும் ஒரே நொடியில் அதை எடுத்ததால், இரண்டு லோரிகளுக்கு ஒரே எண் விழுந்தது. ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி திருத்திவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் தடுக்கி விழுந்த மகன், "அம்மா!" என்று அழுதான். நானும் அக்காவும் ஒன்றாக ஓடினோம். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார். "நீயே தூக்கு லா, ஒன் புள்ளதானே."

வாரமெல்லாம் அதற்குத்தான் ஏங்கியிருந்தேன். ஆனாலும், "இல்லக்கா, ஒங்களத்தான் கூப்புடுறான். நீங்க தூக்குங்க" என்றேன்.

இருவரும் காத்து நின்றோம். அவன் தானே எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

அவனை என்னோடு அழைத்து வந்துவிடட்டுமா, அக்காவிடமே விடட்டுமா? பிள்ளையைப் பிரிந்து வேலைக்குப் போகும் தாய்மார்களே, எனக்கு எழுதுங்கள்.