சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு

முழங்கால் வலிக்குத் தோதாக இருக்கும் என்று ஐம்பத்தாறு வயதில் பேட்டரி சைக்கிள் வாங்கினேன். போன வாரம் காலையில் கிரிவலப் பாதையில் உல்லாசமாகப் போனவன், மலையைக் கும்பிட அடி அண்ணாமலையில் நிறுத்தினேன். இறங்கச் சோம்பல், சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கவும் இல்லை. ஒரு காலை ஊன்றி, இடக்கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது வலக்கை ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டது. வண்டி, எதிரே கூடையோடு உட்கார்ந்து பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவை நோக்கிப் பாய்ந்தது. கையை எடுத்திருந்தால் நின்றிருக்கும். மகா வீரனான நானோ பயத்தில் இன்னும் முறுக்கினேன். அந்த அம்மா சட்டென்று எழுந்து விலகியதால் தப்பினார்; கூடைதான் கவிழ்ந்தது.

"இடது கையால கன்னத்துல போட்டுக்கினா சாமி சும்மா வுடுமாங்க?" என்றார், பூவைப் பொறுக்கிக்கொண்டே. அவர் அப்படிக் கேட்ட எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போதெல்லாம் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்த பிறகே கும்பிடுகிறேன், இரண்டு கையாலும்.