தெற்கு வானத்தின் கடைசி வெள்ளிக்கிழமை

தாம்பரத்தில் நட்சத்திரம் தெரியுமா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. தெரியும். கண்ணுக்குக் கொஞ்சம், கேமராவுக்கு நிறைய. என்னைப்போல வானத்தைப் படம் பிடிக்கும் நண்பர்கள் காரை எடுத்துக்கொண்டு ஏலகிரிக்குப் போய்விடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாரை விட்டுவிட்டு நான் எங்கே போவது? என் மொட்டை மாடிக்கு மேலே எவ்வளவு வானம் இருக்கிறதோ அவ்வளவுதான் என் வானம். அதை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான்.

அந்த வைகாசியில் எனக்கு வேண்டியிருந்தது ஒமேகா சென்டாரி. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகத் திரண்ட கொத்து. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி. நம் ஊரில் அது தெற்கே தாழ்வாக வந்து, தாழ்வாகவே போய்விடும். உச்சிக்கு ஏறவே ஏறாது. என் வீட்டுக்குத் தெற்கே இருப்பதோ மீன்கார அக்காவின் வீடு. கோவளத்திலிருந்து மீன் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்பவர். அவர் வீட்டு மாடியில் தூண்கள் எழும்பிவிட்டன. திங்கட்கிழமை சுவர் வைக்கப்போவதாகக் கொத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுவர் வந்தால் என் தெற்கு வானம் போயிற்று. வாரம் முழுக்க சாயங்காலமானால் மேகம் வந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைதான் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

ஸ்டாண்டை விரித்து, வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் சின்ன மோட்டாரைப் பொருத்தினேன். நிமிர்ந்தால், அக்கா வீட்டு மாடியில் ஒரு பெரிய பல்பு. செங்கல், சிமெண்ட் திருட்டுப் போகாமலிருக்கக் கம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். அது நேராக என் லென்ஸுக்குள் அடித்தது. விறுவிறுவென்று இறங்கிப் போனேன். வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் மந்தம். அக்கா வீட்டில்தான் இருந்தார். குத்துவிளக்கை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தவரிடம், மாடி லைட்டைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், அதிலும் கட்டட வேலை நடக்கிற வீடு. அங்கே போய் நின்று விளக்கை அணை என்கிறேன்! என் மாமியார் காதில் விழுந்திருந்தால் படுக்கையிலிருந்தே என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

“இன்னாம்மா நீ, வெள்ளிக்கெழம அதுவுமா இப்டி கேக்குற.”

தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். ஆனால் நகரவில்லை. ஒரு போட்டோ எடுக்க வேண்டும், இன்றைக்கு விட்டால் முடியாது என்று கெஞ்சினேன். ஏன் முடியாது என்பதைச் சொல்லவில்லை. கட்டுகிற வீட்டைக் குறை சொன்னதாகிவிடும்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். கம்பிலிருந்த பல்பை வயரோடு அவிழ்த்து, காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கினார். மேலே ஒரு பலகை. சுற்றிலும் கசிந்த வெளிச்சத்துக்கு இரண்டு சிமெண்ட் சாக்கு. விளக்கும் அணையவில்லை, மாடியும் இருட்டாகிவிட்டது. இருவரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் அசையவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு வெளிச்சத்தில் ஒற்றைப் படம் சாம்பல் பூத்துத்தான் வரும். அரை நிமிடப் படங்களாக நிறைய எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் குறுக்கே கோடு இழுத்தன. கெட்டுப்போனவற்றைத் தள்ளிவிட்டு மறுபடி எடுத்தேன். நடுவில் மாமியாருக்குத் தண்ணீர் கொடுக்க ஓடி இறங்கி, ஓடி ஏறினேன். கொசு பிடுங்கித் தின்றது. தின்னட்டும், இன்றைக்கு விடுவதாயில்லை. கிழக்கே மேகம் கிளம்பியதும் அதை வாய்விட்டே திட்டினேன்.

அது வந்து மூடுவதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இரண்டு மாடிக்கும் இடையே கை நீட்டும் தூரம்தான். அக்கா தன் கைப்பிடிச் சுவரோரம் வந்து, அப்படி என்னதான் எடுத்தாய் என்று எட்டிப் பார்த்தார். கேமராவைக் கழற்றித் திரையைக் காட்டினேன்.

“அட, நெத்திலியக் கொட்டி வெச்ச மாதிரி கீது. இது எங்க கீது?”

“உங்க மாடிக்கு மேலதான்க்கா.”

கையை நீட்டிக் காட்டினேன். அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார். சுவர் வந்துவிட்டால் தெரியாதா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்றேன்.

அவருடைய மகள் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் குடும்பம் புழங்கும் கூடத்தில் ஓரமாகப் பாய் போட்டுப் படுக்கிறாள். மாடியில் எழும்புகிற அறை அவளுக்குத்தான். தெருவுக்கே தெரிந்த விஷயம்.

“கட்டாம இருக்க முடியாதும்மா,” என்றார் அக்கா. “பொடவ மாத்தணும்னாகூட, எல்லாரும் எய்ந்து போவட்டும்னு பாத்துகினு கீறா. அவளுக்குன்னு ஒரு கதவு வோணும்.”

“கட்டுங்கக்கா,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனாலும் இன்னொரு தடவை தெற்கே திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

படங்களை அடுக்கி முடித்தபோது கொத்து முழுசாக எழுந்து வந்தது, ஓரத்து நட்சத்திரங்கள்வரை தனித்தனியாக. தாம்பரத்திலிருந்து, என் மாடியிலிருந்து எடுத்தது. ஏலகிரிக்காரர்களுக்கு அனுப்பிவைத்தேன். இப்போது தலைக்கு மேலும் வடக்கிலும் இருப்பவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தெற்கே அந்தக் கொத்து நின்ற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் அதில் விளக்கு எரியும், என் படத்தில் பாதியை வெளுக்க வைக்கும். அணைக்கச் சொல்லி நான் ஒரு நாளும் போய் நின்றதில்லை.