பாக்கியவதி நர்ஸ் நீந்தப் பழகியது

என் அக்கா பாக்கியவதி நீந்தப் பழகிய கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்றவள் நான்.

அக்கா எம். புதுப்பட்டி தாய்சேய் நல விடுதியில் நர்ஸ். விடுதி என்று பேர்தான், வேலை முழுக்க வெளியில். சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வரவேண்டும். நாற்பது வயதில் அவளுடைய வலது முழங்கால் வீங்கி, மடங்க மறுத்துவிட்டது. 1961 ஐப்பசியில் ஜீப்பில் வந்த சூப்பர்வைசரம்மா அவள் நொண்டுவதைப் பார்த்தார். "மாசி மாசம் வருவேன் சிஸ்டர். அப்பவும் ஊர் ஊராப் போக முடியலைன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்பளம் போவதைக்கூட அக்கா பொறுத்துக்கொள்வாள். தன் கையில் பிறந்த பிள்ளைகளை இன்னொருத்தி பார்ப்பாள் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

நல்ல மாத்திரையாகக் கிடைக்கும் என்று மதுரைக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்த டாக்டரம்மா நீச்சல் அடிக்கச் சொன்னார்.

"தரையில நடந்தா உடம்பு பாரம் அத்தனையும் முட்டியில இறங்குது. தண்ணிக்குள்ள அந்தப் பாரம் இல்லை. வலிக்காம கால் வேலை செய்யும். தொடைச் சதை பலமானா முட்டி தானா நிக்கும். மூச்சு வாங்குறதும் குறையும், ராத்திரி தூக்கமும் வரும்."

எல்லாம் சரிதான். குடத்துத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற ஊரில் எங்கே போய் நீந்துவது?

பெத்தணன் தோட்டத்தில் ஒரு கிணறு இருந்தது. அவர் பிள்ளைகள் எல்லாரும் அக்கா கையில் பிறந்தவர்கள். அதனால் அவர் மனைவி ராமுத்தாய் உடனே சரி என்றாள். தண்ணீர் இறைக்கிற கமலை மாடுகளை அவிழ்த்த பிறகு இறங்கி, மறுபடி பூட்டுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்பது பெத்தணன் போட்ட நிபந்தனை. அது சரியாகப் பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டு நேரம். நான் டீச்சர். கார்த்திகை மாதம் முழுக்க நான் மதியம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ராமுத்தாய் சின்ன வயதிலிருந்தே கிணற்றில் நீந்துகிறவள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

"படியப் புடிச்சுக்கிட்டு களுத்தளவு நில்லுங்க நர்சம்மா. மூஞ்சிய முக்கி, மூச்சத் தண்ணிக்குள்ள விடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அக்காவால் முடியவில்லை. முகத்தை முக்குவாள், மூச்சை அடக்குவாள், இருமிக்கொண்டு எழுவாள். நாள் போனதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"புள்ள வலியில கெடந்தப்ப என்னைய மட்டும் 'மூச்ச விடு, மூச்ச விடு'ன்னு அந்த அதட்டு அதட்டுனீக! இப்ப விடுங்க பாப்போம்!" என்றாள் ராமுத்தாய்.

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் தண்ணீருக்குள் முதன்முதலாகக் குமிழி வந்தது. அடுத்தது படியைப் பிடித்துக்கொண்டு கால் உதைப்பது. "முட்டிய மடக்காதீக, தொடையில இருந்து ஒதைங்க" என்று ராமுத்தாய் தொண்டை வறளக் கத்தினாள். அதற்கடுத்து, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு மிதப்பது. அந்தக் குடுக்கையை ராமுத்தாயின் பிள்ளைகள் உருட்டி விளையாடி உடைத்துவிட்டார்கள். அந்த வருசத்துக் காய் இன்னும் கொடியில் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான் சேசுராஜ், உதவிக்கு வந்தார். வராமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் வேலை. அலுமினியப் பவுடர் வந்த காலி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, மூடியை மெழுகு வைத்து அடைத்துக் கொடுத்தார். குடுக்கையைவிட நன்றாக மிதந்தது. அக்கா படியை விட்டாள். கை போட்டாள், உதைத்தாள், கிணற்றின் நடுவுக்குப் போனாள். எனக்கே சந்தோசமாக இருந்தது.

அப்போது மூடி திறந்துகொண்டது. உள்ளே ஒட்டியிருந்த பவுடர் பொங்கி வந்து தண்ணீர் மேல் படர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிணறு முழுக்க வெள்ளியாகிவிட்டது. டப்பாவுக்குள் தண்ணீர் ஏறி அக்காவைக் கீழே இழுத்தது. பதறிப்போய் நான் கயிற்றை என் பக்கம் இழுத்தேன். அவளோ எதிர்ப்பக்கம் உதைத்துக்கொண்டிருந்தாள்.

"கயித்த விடுங்க டீச்சர்! அவுக நீந்துறாக!" என்று ராமுத்தாய் அலறினாள்.

விட்டேன். தண்ணீர் நிறைந்த டப்பாவை முதுகில் சுமந்துகொண்டு அக்கா எதிர்ச்சுவரைப் போய்ப் பிடித்தாள். தலைமுதல் தோள்வரை வெள்ளி. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "அந்த டப்பாவ ஒரு தடவை கழுவுனா என்ன அத்தான்?"

"பட்டாசு மருந்து டப்பாவுல எவனாவது தண்ணி விடுவானா கனகமணி? பத்திக்கும்ல! துணியால நல்லாத் தொடச்சேனே!"

"அதைக் கட்டிக்கிட்டு அவ கெணத்துக்குள்ளதான எறங்குறா!"

"அது வேற" என்றார். பட்டாசுக் கம்பெனிக்காரரிடம் இதற்குமேல் பேசி என்ன பிரயோசனம்?

மறுநாள் பெத்தணனின் மாடுகள் கிணற்றிலிருந்து இறைத்த தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவர் கிணற்றுப் படியில் உடைமர முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். செய்தி பரவி, மற்ற தோட்டக்காரர்களும் கையை விரித்தார்கள். நீந்தத் தெரியாதபோது கிணறு இருந்தது. தெரிந்த பிறகு கிணறு இல்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு.

மிச்சமிருந்தது மேற்கே இருக்கும் பெரிய கண்மாய். நல்ல தூரம். வண்டி கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். தனியாக இறங்கக் கூடாது என்பதால் துணி துவைக்கிறவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவாள். லீவு நாளில் நானும் திட்டிக்கொண்டே கூடப் போவேன். தை முடிவதற்குள் கம்பை எங்கோ மறந்து வைத்துவிட்டாள். திரும்பத் தேடவும் இல்லை.

மாசியில் ஒரு சாயங்காலம் சூப்பர்வைசரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். அக்கா வீட்டில் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"சிஸ்டர் எங்கே?"

"கண்மாய்க்குப் போயிருக்கா."

"வண்டியிலயா?"

"நடந்துதான்" என்றேன். சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தம்மா டிரைவரிடம் கண்மாய் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

இருட்டுவதற்கு முன் அக்கா ஈரத் தலையோடு வந்தாள். வாசலிலேயே கத்தினேன். "வேலை போகலை. அம்புட்டுத் தூரம் நடக்குறவளுக்கு இது ஒண்ணுமில்லையாம், இன்னும் ரெண்டு ஊரைச் சேத்து உன் தலையில கட்டிட்டுப் போயிட்டாக!"

அக்கா தலைமுடியைப் பிழிந்தாள்.

"அந்த ஊர்ல கெணறு இருக்கா?" என்று கேட்டாள்.